உன் காரில் எனக்கு பிரேக் இல்லை

மகன்,

உனக்கு ஸலாம். அடுத்த வரியில் "நான் நல்ல சுகம், உன் சுகத்துக்கு துஆச் செய்கிறேன்" என்று வர வேண்டும். எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். நானும் அப்படித் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தாளில் அந்த வரியை எழுத மாட்டேன். நான் சுகமாக இல்லை. நெஞ்சில் இரத்தக் குழாய் மூன்று இடத்தில் அடைத்திருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது திங்கட்கிழமை கண்டியில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யப் போகிறார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். "பயப்பிடாதேங்கோ ஐயா. ஆனா இது லேசான விசயம் எண்டும் நான் சொல்லமாட்டன்" என்றார். உண்மையை உள்ளபடி சொல்கிறாரே என்று அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏன் வெட்கம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன். அது எனக்குப் பழகிப்போய்விட்டது. அன்று வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசலில் எங்கள் த்ரீவீலர் மாட்டிக்கொண்டு நின்றது. உன் தங்கச்சி உன்னை நினைத்துக் கேட்டாள்: "நானாட்ட என்ன சொல்ற வாப்பா?" நான் யோசிக்கவே இல்லை. "ஒண்டும் சொல்லாத. சும்மா செக்கப் ஒண்டுக்குப் போன எண்டு சொல்லு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக் கீழே ஆற்றைப் பார்த்தாள். பிறகு, "உம்மாட விசயத்திலயும் இப்பிடித்தான் சொல்லச் சொன்னீங்க. எனக்கு இன்னொருக்கா ஏலா வாப்பா" என்று சொல்லி அழத் தொடங்கினாள். த்ரீவீலர்காரன் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தான், நான் என்னவோ அவளை அடித்துவிட்டது போல. வீட்டுக்கு வரும்வரை அவள் அழுகை நிற்கவில்லை. வந்து இறங்கியதும், எல்லாவற்றையும் நானே எழுதுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் அவள் தாள் தாளாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

போன வருடம் நீ டிக்கெட் அனுப்பி என்னை ஆப்பிரிக்காவுக்குக் கூப்பிட்டபோது, என்னை நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். உம்மா மௌத்தாகிப் போய் மூன்று வருடமாக, பெருநாளைக்குப் பெருநாள் ஸலாம் சொல்வதும் தங்கச்சியின் பிள்ளைகளை விசாரிப்பதும்தான் உனக்கும் எனக்கும் இருந்த பேச்சு. திடீரென்று, "வாப்பா, வந்து ஒரு மாசம் ஈங்க. லீவு எடுத்து ஊரெல்லாம் காட்டுறன்" என்று சொன்னாய். கபரோனி விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டு நீ முன்னால் நடந்தபோது, பின்னாலிருந்து பார்த்தால் உன் நடை அப்படியே உம்மாவின் நடை. அவள் போல வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் நீயும் நடக்கிறாய். எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்போது அது இந்த நோயென்று யாருக்குத் தெரியும்!

நாற்பது வருடம் லேர்னர்ஸ் நடத்தி, ஊருக்கே கார் ஓட்டப் பழக்கினவன் நான். கண்டியிலும் கலகெதரவிலும் கலஹாவிலும் இன்று ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அந்த லேர்னர்ஸ் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது உனக்குத் தெரியும். ஓட்டப் பழகுகிறவன் தான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் சும்மா வெளியே பார்த்துக்கொண்டு, கால் நுனியால் லேசாக அமத்தி வைத்திருப்பேன். உன் வண்டியில் ஏறியதும் என் வலது கால் தன்பாட்டுக்கு அந்தப் பிரேக்கைத் தேடியது. ஊரைத் தாண்டும் முன்னே நீ கண்டுகொண்டாய். "வாப்பா, அங்க பிரேக் இல்ல. காலை எடுங்க" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்தப் பாதைகளை நினைத்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வராது. நூறு அடிக்கு ஒரு வளைவு இருக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, காலையில் ஏறி உட்கார்ந்து பகல் லுஹர் தொழுகை வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போகிற பாதை பாதையாகவே தெரியவில்லை. அங்கேயும் இடது பக்கம்தான் ஓடுகிறார்கள், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. கழுதைகள் நடுப் பாதையில் நின்று யோசிக்கும். ஹோன் அடித்தால் காதை மட்டும் திருப்பும், கால் அசையாது. என்னிடம் பழகிய சில ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு தீக்கோழி வண்டிக்குப் பக்கத்திலேயே, போட்டிக்கு வந்தது போல, வேலியோரமாக ஓடி வந்து, நாங்கள் தோற்றுவிட்டோம் என்று தானாக முடிவு செய்துகொண்டு திரும்பிப் போய்விட்டது. வடக்கே போகப் போக ஓரிடத்தில் பாதை திடீரென்று நாலு மடங்கு அகலமானது. சந்தியும் இல்லை, கடையும் இல்லை, ஒரு மரம்கூடக் கிட்டத்தில் இல்லை. "இது என்ன மகன்?" என்றால், "அவசரத்துக்கு பிளேன் இறங்குற இடம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாய். நான் கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தேன். சிரிக்காதே, பின்னால் லொறி வருகிறதா என்று பார்ப்பவன், அன்றைக்கு மேலேயும் பார்த்தேன்.

பெரிய பெருக்கமரம் ஒன்றின் கீழே வண்டியை நிறுத்தினாய். அடி மரம் ஒரு சின்ன வீடு அளவு இருந்தது. உம்மாவோடு மன்னாருக்குப் போனபோது அங்கேயும் இப்படி ஒன்றைப் பார்த்தோம். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தைத் தொட்டபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இவ்வளவு பெருத்தும் நிழல் இல்லையே" என்று குறை சொன்னாள். அதை உனக்குச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் நீ தனியாக அந்த மரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தாய், கையால் தொட்டபடியே. மற்றப் பக்கத்தால் நீ வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. தூசு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வசதி.

உப்பு வெளியில் அந்தக் கீரி மாதிரிப் பிராணிகள் செய்த வேலையை மட்டும் சந்தோஷமாக நினைக்கலாம். வெள்ளை வெளேரென்று கண்ணுக்கெட்டிய மட்டும் ஒன்றுமில்லாத தரை. அதன் ஓரத்தில் வளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, வெயிலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு, பின்னங்காலில் நிமிர்ந்து நின்றன. "அசையாம இருங்க வாப்பா" என்றாய். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று என் முழங்காலில் ஏறி, தோளில் ஏறி, தொப்பிக்கு மேலே போய் நின்று நாலா பக்கமும் காவல் பார்த்தது. அதற்கு உயரமான இடம் ஒன்று வேண்டும், அந்த வெளியில் அகப்பட்ட உயரம் என் தலைதான். அதன் நகம் மெல்லிதாகக் குத்தியது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உம்மா போன பிறகு நீ சிரித்து நான் கண்டது அன்றுதான். அந்தப் பிராணி இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்கட்டும் என்று நான் கழுத்தை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிக்கிற பிள்ளையிடம் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

கசானேக்குப் போகிற பாதையில் யானை வந்தது. நான் யானை காணாதவன் அல்ல. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு விளக்கும் பட்டுத்துணியும் போட்டு வரிசையாக வருகிற யானைகளையும், முன்பு நம் பாலத்துக்குக் கீழே விலங்குச் சங்கிலியோடு ஆற்றில் படுத்துக் கிடந்த யானைகளையும் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் எவனுக்கும் கட்டுப்படாத யானை பற்றைப் புதருக்குள்ளிருந்து ஒரே எட்டில் தார் ரோட்டுக்கு ஏறினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. என் கால் முழுப் பலத்தோடு தரையில் பாய்ந்தது. அடிபாதம் வலித்தது. வண்டி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், நான் நிறுத்திவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். நிறுத்தியது நீ. யானை பற்றைக்குள் நிற்கும்போதே நீ கண்டு, மெதுவாக்கி, யானைக்கு வழிவிட்டு நிறுத்தியிருந்தாய். எனக்கு முன்னே நீ கண்டிருக்கிறாய். எனக்குத்தான் உன்னை ஓட்டத் தெரிந்தவனாகப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் சோபே ஆற்றோரம் போனோம். போகும் வழியில் பெட்ரோல் செட்டில் காட்டுப் பன்றிகள் குட்டிகளோடு காற்றடிக்கிற இடத்தில் உலாத்தியதையும், நான் சாரத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்ததையும் நீ தங்கச்சியிடம் சொல்லி, அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். பரவாயில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மணல் பாதையில் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தாய். பாதைக்குப் பக்கத்தில் ஒரு யானையின் எலும்புகள் கிடந்தன. மண்டையோடு பாதி மணலில் புதைந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. "இங்க கொஞ்சம் ஈப்பம்" என்றாய். கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது, பெரியதும் சின்னதுமாக எட்டு யானை. தண்ணீர் குடித்துவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு வந்தவை, எலும்பைக் கண்டதும் நின்றுவிட்டன. ஒரு சத்தம் இல்லை. முன்னால் வந்த பெண் யானை தும்பிக்கை நுனியால் மண்டையோட்டை மெதுவாகத் தடவியது, கண் இருந்த குழியை, தாடையை, பல்லை. இன்னொன்று திரும்பி நின்று, பின்னங்காலை எலும்பின் மேல் படுவதும் படாததுமாக வைத்து வைத்து எடுத்தது. ஒரு குட்டி உள்ளே நுழையப் பார்த்தது, அதைக் காலால் மெதுவாகத் தள்ளிவிட்டார்கள். 'விட்டார்கள்' என்றுதான் எழுத வருகிறது. அவை என்று எழுத மனம் வரவில்லை. முக்கால் மணித்தியாலம் இருக்கும். எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் நிற்பது போல இருந்தது, மையத்து உடலைக் கபன் துணியில் வைத்து, முடிச்சுப் போடுவதற்கு முன்னால் சொந்தக்காரரை ஒவ்வொருவராக முகம் பார்க்கக் கூப்பிடுகிற வீடு.

"போன வருஷமும் இந்த இடத்துலதான் கண்டேன்" என்று நீ சொன்னாய். "அது எப்பவோ செத்த யானை. இன்னும் வந்து பாத்துட்டுத்தான் போகுது." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், "எங்களுக்கு உம்மாவ ஒரு நாள் வெச்சிக்க ஏலாமப் பெய்த்திச்சே வாப்பா" என்றாய். "பள்ளிவாசல்ல சொன்னாங்களே மகன், உடனே அடக்கணும் எண்டு. நான் என்ன செய்ற?" என்றேன். அந்த எட்டு யானைக்கு முன்னால் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு நீ அவர்கள் போகும்வரை காத்திருந்தாய்.

திரும்பி வரும்போது மாட்டு நோய்க்காகப் போட்டிருக்கிற அந்த வேலியில் நிறுத்தினார்கள். இறங்கி, மருந்தில் நனைத்த சாக்கில் செருப்பைத் தேய்க்கச் சொன்னார்கள். நான் தேய்த்தேன். பிறகு ஒரு காவலர் வந்து நம் ஐஸ்பெட்டியைத் திறந்து, கசானேயில் நீ தேடித் திரிந்து வாங்கிய ஹலால் மாட்டிறைச்சியைக் கையில் எடுத்தார். பச்சை இறைச்சி இந்த வேலியைத் தாண்டக் கூடாதாம். சமைத்தால் தாண்டலாமாம். நீயும் அவரும் இரண்டு பேச்சுப் பேசிச் சிரித்துவிட்டு, மரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைத்தீர்கள். உலகத்தில் வேறு எந்த எல்லையில் இப்படி நடக்கும்! உப்பும் மிளகுத் தூளும்தான் இருந்தது. நான் கிளறினேன், நீ விறகு தள்ளினாய். வளைந்த மஞ்சள் சொண்டுப் பறவைகள் இரண்டு கிட்ட வந்து, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தன. காவலருக்கு ஒரு தட்டுப் போட்டுக் கொடுத்தோம்.

"உம்மா ஈந்தா இன்னொரு தட்டு வீட்டுக்குக் கட்டிக் குடுத்தீப்பா" என்று சொன்னாய். உன் குரல் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக இளகியிருந்தது. அந்த இளகின குரலிலேயே கேட்டாய்: "கடைசியா உம்மா என்னைக் கேட்டாவா வாப்பா?" நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அவவுக்கு நினைவே இல்ல மகன். ஒண்டும் பேசல்ல" என்றேன். நீ "சரி" என்றாய். அதற்குப் பிறகு கபரோனி வரைக்கும் நீ பேசியதெல்லாம் வெயிலும் டயரும்தான்.

இனி உண்மையை எழுதுகிறேன். எழுத்து கோணினால் தங்கச்சியிடம் கேட்டுக்கொள்.

உம்மாவுக்கு, நான் உனக்குச் சொன்ன மாதிரி, இரண்டு நாள் காய்ச்சல் அல்ல. வயிற்றில் கட்டி. நான்கு மாதம். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், தங்கச்சிக்கும் தெரியும், அவள் வாயை நான் கட்டிப் போட்டிருந்தேன். உனக்குத் தெரிந்தால் வேலையை எறிந்துவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தேன். பாலத்தடியில் தேத்தண்ணி குடிக்கிற இடத்திலெல்லாம் "என்ட மகன் ஆப்பிரிக்காவில ரோட்டுப் போடுற எஞ்சினியர்" என்று சொல்லித் திரிந்தவன் நான். நீ திரும்பி வந்து இங்கே வேலை தேடி அலைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டேன். என் பெருமைக்கும்தான். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் உம்மாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, தலையணை அண்டக் கொடுத்து, முந்தானையை முன்னால் இழுத்துவிட்டு உட்கார வைத்தேன். அப்படி வைத்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். ஒருநாள் நீ "உம்மா, லைட்டப் போடுங்களே, முகத்தக் காணல்ல" என்றாய். "கரண்ட் இல்ல மகன்" என்று பின்னாலிருந்து நான் சொன்னேன். கரண்ட் இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் உனக்கு முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவள் மௌத்தானது காலை பத்து மணிக்கு. உனக்குச் சொன்னதும், "நாளைக்கு அஸருக்கு வந்துருவன், வெச்சிக்கோங்க வாப்பா" என்று அழுதாய். பள்ளிவாசல் டிரஸ்டி ஹாஜியார் அந்த நேரத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். "மகன் எப்ப வார?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நாளைக்கு அஸரோட அடக்குவம். குளிர்பெட்டிக்கு நான் ஆள் அனுப்புறன். உம்மாட முகத்தப் பாக்காம அந்தப் புள்ள எப்பிடி ஈக்கிற?" என்றார். கேட்டுக்கொள் மகன், பள்ளியில் சொன்னது இதுதான். நான்தான், "இல்ல ஹாஜியார், மையத்த வெச்சிக்கப்படாது, இண்டைக்கே எடுப்பம்" என்று பிடிவாதமாக நின்றேன். அவர் இரண்டு தடவை கேட்டார். நான் மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டேன், ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். மார்க்கம் அல்ல காரணம். கபன் துணிக்குள் கிடந்த முகம் ஒரு கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இது இரண்டு நாள் காய்ச்சலில் வந்த முகம் அல்ல என்று நீ ஒரு பார்வையில் கண்டுகொள்வாய். அந்த முகத்துக்குப் பக்கத்தில் என்னால் உன்னைப் பார்த்து நிற்க முடியாது. அதனால் அன்றைக்கே பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கிவிட்டேன். என் பொய்யை மறைக்க உன் உம்மாவை அவசரமாக மண்ணுக்குள் வைத்தேன்.

நீ வந்தபோது மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஹாஜியார் வாசலில் இரண்டு கையையும் நீட்டினார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இந்த நாள் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வீட்டுக்குப் போய், உனக்கு எல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளட கோவத்த ஆராச்சும் சுமக்கத்தானே வேணும். வெளியாள் எண்டா வீட்டுக்குள்ள சண்டை வராது எண்டு பாத்தன்" என்றார். எனக்கு அவர் முன்னால் அழுகை வந்துவிட்டது. நீ ஊருக்கு வரும்போது முதலில் அவருக்கு ஸலாம் சொல். அவருக்கு நீ வைத்திருக்கும் கோபம் முழுவதும் எனக்குரியது, என்னிடம் கொண்டு வா.

உன் பதினெட்டு வயதில் கலகெதர இறக்கத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? நீ நன்றாகத்தான் ஓட்டினாய். வளைவில் ஒரு லொறி நின்றதைக் கண்டு நான் பயந்து, என் பக்கத்துப் பிரேக்கை அமத்தினேன். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் பஸ்காரர்கள் ஹோன் அடித்துத் திட்டினார்கள். "நான் கிளச்ச வுட்டுட்டேனா வாப்பா?" என்று கேட்டாய். "ஓ, நீதான்" என்றேன். கவனமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை, உனக்கு ஓட்ட வராது என்று நீயே முடிவு செய்துவிட்டாய். அன்றைக்கு உன் கையில் பிழை இல்லை மகன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் பக்கத்தில் உட்கார். பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். காலடியில் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு அமத்தாதே. வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கடைசியாக, அந்த வேலிக்குப் பக்கத்தில் நீ கேட்ட கேள்வி. உம்மாவுக்கு நினைவு இருந்தது. கடைசி நாள் வரைக்கும் இருந்தது. கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னாள், அங்கிருந்து கேட் தெரியும் என்பதற்காக. உன்னை வரச் சொன்னதாக அவளுக்கு நான் சொல்லவில்லை, ஆனாலும் நீ வருவாய் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். மருந்து கொடுத்தால் கண் சொருகிவிடும். சொருகும் முன்னே, ஒவ்வொரு தடவையும், என் கையைப் பிடித்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "மகன் வந்தா என்னை எழுப்புங்க." மௌத்தான அன்று காலையிலும் சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றேன்.

வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன், மற்றது உன் கையில். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்க்க உனக்கு மனம் வராவிட்டால் அதற்கும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அல்லாஹ் என்னை எடுத்துக்கொண்டால், நீ வந்து முகம் பார்க்கும்வரை கபன் முடிச்சைப் போடக் கூடாது என்று ஹாஜியாரிடமும் தங்கச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஆனாலும் சரி, இரண்டு நாள் ஆனாலும் சரி, வைத்துக்கொள்வார்கள். நான் தப்பிவிட்டால், மயக்க மருந்தில் ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன் என்று டொக்டர் சொன்னார். தாதிமார் பக்கத்தில் விடமாட்டோம் என்பார்கள், அப்பா தூங்கட்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதே மகன். வந்தால் என்னை எழுப்பு.

உன்
வாப்பா